செயற்கைப் பதார்த்தங்களின் கதை: எஞ்சி நிற்கும் அசிட்டேட்

நீரில் கரையும் பலபடிகளைப் பற்றிச் சென்ற வாரம் பொதுவாகப் பேசினோம். நீராற்பகுப்பு என்னும் ரசாயன வினை அவற்றின் சுபாவத்தை எவ்வளவு ஆழமாக நிர்ணயிக்கிறது என்பதை அறிந்துகொள்ளப் பாலிவினைல் ஆல்கஹாலைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதன் பிறப்பே விசித்திரமானது. எத்திலீனைக் கோத்துப் பாலித்தீன் செய்வதுபோல வினைல் ஆல்கஹாலைக் கோத்து இதைச் செய்ய இயலாது. அந்த மூலக்கூறு நிலைத்து நிற்காமல் விரைவிலேயே அசிட்டால்டிஹைடாக உருமாறிவிடுகிறது. ஆகவே, 1924-இல் ஜெர்மானிய ரசாயனிகளான ஹெர்மனும் ஹேனலும் கண்ட மார்க்கம் சுற்றுவழியாகவே அமைந்தது: பாலிவினைல் அசிட்டேட்டை ஆல்கஹாலில் கரைத்துக் காரம் சேர்த்தால், நீண்ட சங்கிலி அறுபடாமல் நிற்க, அதன் பக்கங்களில் தொங்கும் அசிட்டேட் தொகுதிகள் மட்டும் கழன்று, அவற்றின் ஸ்தானத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வந்தமர்கின்றன. ஆலைகளில் இன்று இவ்வினையைப் புரிவது பெரும்பாலும் மெத்தனாலே. எனினும் நூற்றுக்கு எத்தனை தொகுதிகள் மாறின என்னும் கணக்கை நீராற்பகுப்பு வீதம் என்றே வழங்குகிறார்கள்.

ஹைட்ராக்சில் நீரை நாடுவதாயிற்றே, அது மிக மிகக் கரைதிறனும் மிகவேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடப்பதோ நேர்மாறு. நூற்றுக்கு 88 அளவில் பகுக்கப்பட்ட வகை குளிர்ந்த நீரிலேயே கரைகிறது. 98-ஐத் தாண்டிய வகையோ, நீர் கொதிநிலையை நெருங்கும் வரை காய்ந்தாலன்றி இளகுவதில்லை. ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை நாடுவதற்கு முன்பே ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சங்கிலிகளைப் படிகமாக இறுக்கிவிடுகின்றன. எஞ்சி நிற்கும் பருத்த அசிட்டேட் தொகுதிகளே கைகோத்த கூட்டத்திடையே புகுந்த அந்நியர்களைப்போல அந்த வரிசையைக் குலைத்து, நீர் உள்ளே நுழைய இடம் தருகின்றன. அதற்காக அசிட்டேட்டை அளவின்றி விட்டுவைக்கவும் கூடாது. 80-க்கு அருகிலுள்ள வகை குளிர்நீரில் கரைந்தாலும் சூடேறியதும் கலங்கிப் பிரிந்துவிடும்.

பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஆலைகளில் இந்த வித்தியாசம் நித்திய அனுபவம். தூளைக் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கியபடியே சூடேற்றவேண்டும். சுடுநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் பசையாகி மூடிக்கொள்ள, உள்ளே தூள் உலர்ந்தே கிடக்கும். பருத்தி நூலுக்கு முழுமையாகப் பகுத்த வகையும், பாலியெஸ்டருக்குப் பகுதியளவே பகுத்த வகையும் பொருந்துகின்றன. பாலியெஸ்டரும் எஸ்டராதலால், அசிட்டேட் எஞ்சிய சங்கிலியே அதை நன்றாகப் பற்றுகிறது. நெய்தபின் அக்கஞ்சியை நீக்குமுன் துணியைக் காரத்தில் தோய்த்தால், எஞ்சிய அசிட்டேட்டும் கழன்று, எளிதில் அலசிப் போகவேண்டிய பசை துணியிலேயே பிடிவாதமாகத் தங்கிவிடும்.

இதே ஆபத்து, சலவைப் பொருளை உள்ளடக்கி நீரில் கரையும் படலப் பைகளுக்கும் உண்டு. உள்ளிருக்கும் சரக்கு காரமாயின், பண்டசாலையில் கிடக்கும்போதே பகுப்பு மெல்ல மெல்லத் தொடர்ந்து, படலம் கரையும் குணத்தை இழக்கும். அதனாலேயே அத்தகைய படலங்களில், காரம் கழற்ற இயலாத வேறு தொகுதிகளைச் சங்கிலியிலேயே பிணைத்துவிடுகிறார்கள்.

எண்ணெய்க் கிணறுகளில் செலுத்தப்படும் பாலிஅக்ரிலமைடு, நிலத்தடி வெப்பத்தில் அம்மோனியாவை விடுத்துத் தானாகவே பகுப்புண்டு, அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும் விதத்தை அடுத்த வாரம் காண்போம்.