நூற்றில் பத்து என்றார்கள், நாற்பது பேர் பிழைத்தார்கள்

பிரிட்டன் ஐ.சி.யூ.க்களில் மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: ‘இந்த நோயாளி ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருப்பாரா?’ பதிலைச் சதவீதமாகச் சொல்ல வேண்டும். மொத்தம் 832 நோயாளிகள். எல்லோரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ ஆஸ்துமாவோ முற்றி, மூச்சுக்குப் போராடியபடி வந்தவர்கள். மருத்துவர்களின் கணிப்புப்படி சராசரியாக 49 சதவீதம் பேர் பிழைக்க வேண்டும். 180 நாள் கழித்துப் பார்த்தால் 62 சதவீதம் பேர் இருந்தார்கள். ‘தேறுவது கடினம்’ என்று கடைசி வரிசையில் வைக்கப்பட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சொல்லப்பட்டது 10 சதவீதம். பிழைத்ததோ 40 சதவீதம். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த முடிவுகள் வெளியாயின.

அப்படியானால் கணிப்பை எண்களிடமே விட்டுவிடலாமா? அந்த முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1985இல் அமெரிக்காவிலிருந்து வந்த ‘அபாச்சி-2’ அதில் புகழ்பெற்றது. ஐ.சி.யூ.வில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சோடியம், கிரியாட்டினின், நினைவு நிலை என 12 அளவுகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாகப் போனது என்று பார்ப்பார்கள். வயதுக்கும் பழைய நோய்களுக்கும் தனி மதிப்பெண். அதிகபட்சம் 71. கூடக்கூட ஆபத்து அதிகம். ஒரே மதிப்பெண் வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள் என்று இது சொல்லும். அந்த நூறு பேரில் யார் யார் என்று சொல்லாது.

நுரையீரலுக்கென்று தனிக் கணக்கு உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு 60 சதவீத ஆக்ஸிஜன் கலந்த காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. பரிசோதனை செய்கிறார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் 72 என்று வருகிறது. 72ஐ 0.6ஆல் வகுத்தால் 120. ஆரோக்கியமானவருக்கு இது 400க்கு மேல் இருக்கும். இரு நுரையீரலும் திடீரென அழற்சி கண்டு நீர் கோக்கும் ஏ.ஆர்.டி.எஸ். நோயை, 2012இல் வெளியான பெர்லின் வரையறை இந்த எண்ணை வைத்தே மூன்றாகப் பிரித்தது. 200க்கு மேல் 300 வரை லேசானது. இறப்பு 27 சதவீதம். 100க்கு மேல் 200 வரை நடுத்தரம், 32 சதவீதம். 100ம் அதற்குக் கீழும் கடுமையானது, 45 சதவீதம். கடுமையான பிரிவிலும் பாதிக்கு மேல் பிழைக்கிறார்கள். லேசான பிரிவிலும் நால்வரில் ஒருவர் இறக்கிறார்.

ஆக்ஸிஜன் எண் ஏறினால் நோயாளி தேறுகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு மூச்சிலும், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி காற்று. மற்றதற்கு 6 மில்லி. முதல் நாட்களில் அதிகக் காற்று பெற்றவர்களின் ஆக்ஸிஜன் அளவுதான் நன்றாக இருந்தது. ஆனால் அவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குறைவாகப் பெற்றவர்களில் 31 சதவீதம்.

காரணத்தை இத்தாலியின் லூசியானோ கட்டினோனி 1980களிலேயே சி.டி. ஸ்கேனில் கண்டிருந்தார். கடும் ஏ.ஆர்.டி.எஸ். வந்த பெரியவரின் நுரையீரலில் காற்று புகும் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் பெரியவருக்கான காற்றைத் திணித்தால் மிஞ்சிய திசுவும் கிழியும். அழற்சி உடலெங்கும் பரவும்.

அதனால் இப்போது மருத்துவர்கள் நுரையீரலின் விறைப்பையும் அளக்கிறார்கள். மூச்சை உள்ளே செலுத்தி ஒரு நொடி நிறுத்தும்போது காட்டும் அழுத்தம் 28, மூச்சு வெளியேறிய பின் தக்கவைக்கும் அழுத்தம் 10 என்றால், வித்தியாசம் 18. 3,562 நோயாளிகளின் தரவுகளை அலசி 2015இல் வெளியான ஆய்வில், கணக்கில் எடுத்த வென்டிலேட்டர் அளவுகளில் இந்த வித்தியாசமே இறப்போடு மிக நெருக்கமாகப் பொருந்தியது.

நுரையீரல் மட்டும் முடிவைத் தீர்மானிப்பதும் இல்லை. சிறுநீரகம், கல்லீரல், ரத்த ஓட்டம் என்று ஒவ்வொன்றாகத் தளர்வதும் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுவதுமே பெரும்பாலான உயிர்களைப் பறிக்கின்றன. ஆறு உறுப்பு மண்டலங்களுக்கு மதிப்பெண் போடும் ‘சோஃபா’ கணக்கைத் தினமும் திரும்பப் போடுவது இதனால்தான். முதல் நாள் 10 என்பதைவிட, மூன்றாம் நாள் அது 7 ஆனதா 13 ஆனதா என்பது கூடுதலாகச் சொல்லும்.

கணிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிழைக்கமாட்டார் என்று முடிவுகட்டி வென்டிலேட்டரை எடுத்துவிட்டால் கணிப்பு பலித்துவிடும். அது தவறா என்று சோதிக்க வழியே இருக்காது. பிரிட்டன் ஆய்வாளர்களும் இதையொட்டியே எச்சரித்தார்கள்: அவநம்பிக்கையால், பிழைக்கக்கூடிய சிலருக்கு ஐ.சி.யூ. படுக்கையே மறுக்கப்படலாம்.

பிழைத்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஏ.ஆர்.டி.எஸ்.ஸிலிருந்து மீண்ட 109 பேரில் ஐந்து ஆண்டு முடிவில் நுரையீரல் இயக்கம் ஏறக்குறைய இயல்புக்கு வந்திருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அதே வயதினர் நடக்க வேண்டியதில் 76 சதவீதம்தான்.