துப்பறியும் தொடரும் தூரிகையும்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில், ஷிப்டு முடிந்து விடுதி திரும்பும் இளைஞர் பலருக்குக் கைப்பேசியே திரையரங்கு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்க இடமுண்டு. பெற்றோரைப் பிரிந்து வாழும் நம் பிள்ளைகள் ஓய்வு வேளையில் குற்றத் தொடர்களைப் பார்ப்பதுண்டு. கொலையும் வஞ்சமும் கண்டு உள்ளம் கெடாதோ என்று நாம் அஞ்சுவது இயல்பே. ஆயினும், அத்தொடர்களை விரும்பி ரசிகர்கள் தம் கையால் வரையும் ஓவியங்களை நாம் கவனித்ததுண்டா?

முன்னாளில் வார இதழில் வந்த நடிகர் படத்தின்மேல் கட்டமிட்டு, அதைப் பயிற்சி ஏட்டில் பென்சிலால் பெரிதாக்கிய மாணவர் எத்தனை பேர்! அதே ஆர்வந்தான் இன்று கைப்பேசித் திரையில் விரலால் வரையச் செய்கிறது. இதனை வெறும் நகல் என்று தள்ளிவிடலாகாது. வரைபவரின் மனமும் அதில் கலக்கிறது. ஷெர்லாக் ஹோம்சின் புகழ்பெற்ற வேட்டைத் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். கதையில் கானன் டாயில் குறித்தது ஒரு துணித் தொப்பியை மட்டுமே. அதனை வேட்டைத் தொப்பியாக்கியவர், 1891-இல் 'ஸ்ட்ராண்ட்' இதழுக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட். 2010-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'ஷெர்லாக்' தொடர் தொடங்கிய பின்னர், பல நாட்டு ரசிகர்களும் அவரைப் புதிதாக வரைந்து மகிழ்ந்தனர்.

தமிழில் 2022 ஜூனில் புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' என்னும் இணையத் தொடர் வெளிவந்தது. சிற்றூரொன்றில் சிமெண்ட் ஆலை தீப்பற்றுகிறது. தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா! ஆலை வாழ்வை அறிந்தோர்க்கு அக்கதை அயலாகத் தோன்றாது. தீயின் செம்மையும் விழாவின் வேடங்களும் தூரிகைக்கு விருந்து.

தொடரில் ஒரு முகம் சில நொடிகளில் மறைந்துவிடும். அதை வரைபவரோ மணிக்கணக்கில் அம்முகத்தோடு தங்க வேண்டும். புருவம் ஏன் சுருங்கியது, கண் எதைத் தேடுகிறது என்று ஆராய வேண்டும். கதை தர மறுத்ததையும் தூரிகை தரும்: காணாமற்போன நிலாவை அவள் தமக்கை நந்தினியின் அருகே சிரித்தவாறு அமர்த்த ஓர் ஓவியத்தால் இயலும். குற்றவாளியை வீரனாக்கும் படங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், துன்புற்றோரின் முகத்தில் நின்று நிலைக்கும் கண்ணைக் குற்றக் கதை கெடுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

பெற்றோரே, விடுதியிலிருந்து மகள் தான் வரைந்த படத்தை அனுப்பினால், "இதற்கெல்லாம் நேரமிருக்கிறதா?" என்று கேட்டுவிடாதீர்கள். "யாரை வரைந்தாய், அம்மா? ஏன் அவளை?" என்று கேளுங்கள். கடிதம் எழுதும் வழக்கம் குறைந்துவிட்ட இந்நாளில், அவள் மனம் திறக்கும் மடல் அந்தப் படமாகவே இருக்கலாம்.