அந்த ராஜாவா... இந்த ராஜாவா? அறந்தாங்கியில் தீராத வழக்கு!

அறந்தாங்கிப் பக்கம் அரசியல் பேசி முட்டிக்கொள்கிறவர்கள் மறுநாள் காலையிலேயே ஒன்றாக டீ குடித்துவிடுவார்கள். இளையராஜாவைப் பற்றிப் பேசி முட்டிக்கொண்டால், முகம் பார்த்துப் பேச நாலு நாளாவது ஆகும். இத்தனைக்கும் சண்டை ராஜாவைப் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் இடையில் இல்லை. இரண்டு பக்கமும் ராஜா ரசிகர்கள்தான். 'இப்போ அவர் போடுற பாட்டு, அந்தக் காலத்துப் பாட்டுக்குப் பக்கத்துல நிக்குமா?' என்பதுதான் வழக்கு.

சாதாரண வழக்கு இல்லை இது. 1976-ல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்தவர், 2016-ல் வந்த 'தாரை தப்பட்டை'யை ஆயிரமாவது படம் என்று சொல்லும் இடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு வயது 81. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்கள் மாடிப்படி ஏறவே யோசிப்பார்கள். அப்படிப்பட்டவரின் புதுப் பாட்டைக் கேட்டுவிட்டு 'சுமார்' என்று சொன்னால் அது நன்றிகெட்டதனமா? இல்லை, சுமாரான பாட்டை 'ஆஹா' என்று சொல்வதுதான் அவருக்குச் செய்கிற அவமரியாதையா?

வெளிநாட்டு ரசிகர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1962-ல் ஆரம்பித்த 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ராக் இசைக்குழு, 18 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2023-ல் சொந்தப் பாடல்களோடு ஓர் ஆல்பம் போட்டது. 'பழைய மாதிரியே இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, குறையாக எடுத்துக்கொள்வதா என்பதிலேயே அங்கே சண்டை வரும். நம்மூரில் கூடுதலாக ஒரு சிக்கல். அங்கே குழுவுக்குக் குழு ரசிகர்கள் பிரிந்து கிடப்பார்கள். இங்கே ஒரே ஆளின் பாட்டில்தான் தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் வளர்ந்திருக்கிறார்கள்.

இந்த வழக்கின் இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்தேன். மாமா, தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். மாப்பிள்ளை, அவருடைய அக்கா மகன். செல்போன் கடையில் வேலை, வயது 24.

"புதுக்கோட்டைக்கு ஒரு மணி நேர ஓட்டம். கேசட்டும் அறுபது நிமிஷம்" என்று ஆரம்பிக்கிறார் மாமா. "ஸ்டாண்டை விட்டு வண்டியை எடுக்கும்போது போட்டா, பாதி வழியில சைடு திருப்பணும். புதுக்கோட்டையில இறங்கும்போது கேசட் முடிஞ்சிருக்கும். திரும்பி வரும்போது மறுபடியும் அதே கேசட். நானே பாட்டு லிஸ்ட் எழுதி, ரெக்கார்டிங் சென்டர்ல கொடுத்துப் பதிஞ்சு வாங்குறது. எழுதிக் கொடுத்தா ரெண்டு நாள் கழிச்சுத்தான் தருவாங்க. அந்த ரெண்டு நாளும் தூக்கம் வராது."

யோசித்துப் பார்த்தால், ஒரு வட்டாரத்தின் ரசனையை அந்த டிரைவர் சீட்டுதான் தீர்மானித்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குக் கூடை கொண்டுபோகிற அம்மாக்கள், ஆபீஸ் போகிறவர்கள்... யாருக்கும் பாட்டை மாற்றுகிற உரிமை கிடையாது. பிடிக்காத பாட்டையும் தினம் இரண்டு தடவை கேட்டாக வேண்டும். பத்தாவது நாள் அந்தப் பாட்டின் இடையிசையில் வருகிற புல்லாங்குழலைத் தன்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

மாப்பிள்ளை பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். "மாமா, 'விடுதலை' பாட்டை நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவை கேட்டேன்பா."

"எதுல?"

"போன்லதான். நீதானே அனுப்புன?"

"போன் ஸ்பீக்கர்ல பேஸ் கிட்டார் சரியாவே கேக்காது மாமா. பழைய பாட்டை பஸ்ல பெரிய ஸ்பீக்கர் வெச்சு ஆயிரம் தடவை கேட்டுட்டு, புதுப் பாட்டைப் போன்ல ஒரு தடவை கேட்டு மார்க் போட்டா என்னங்க நியாயம்?"

கடைக்காரப் பையன் சொல்வது தொழில்நுட்ப ரீதியாகச் சரி. செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் கீழ் ஸ்தாயி ஒலிகளை முழுசாகக் கொடுக்க முடியாது. மற்ற இசையமைப்பாளர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ராஜாவுக்கு நஷ்டம். அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார், தாளத்துக்குத் துணையாக டொம் டொம் என்று ஒலித்துவிட்டுப் போவதில்லை. பாடகர் பாடுகிற மெட்டுக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டு போட்டுக்கொண்டு போகும். அது காதில் விழவில்லை என்றால், பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறோம்.

ஆனால் மாமாவும் லேசில் விடுகிறவர் இல்லை. "நல்ல பாட்டுக்கு ஆயிரம் தடவை எதுக்கு மாப்ள? 'அன்னக்கிளி' வந்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. இலங்கை வானொலி நம்ம பக்கம் கணீர்னு கேக்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலெல்லாம் பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி இருக்கும். எங்க வீட்டுல ரேடியோவே கிடையாது. அடுத்த வீட்டுத் திண்ணையில நின்னு கேட்டதுதான். ஒரு தடவையிலேயே மனசுல உக்காந்துருச்சு. உன் ஆளு இப்ப போடுறது அப்படி உக்காரலையே?"

'உன் ஆளு' என்று சொல்வதைக் கவனியுங்கள். ராஜாவையே மாப்பிள்ளை கட்சிக்குக் கொடுத்துவிட்டார்!

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சமாதானம் பேசிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. எண்பதுகளில் ராஜா வருஷத்துக்கு நாற்பது படங்களுக்குமேல் இசையமைத்தார். படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலே இருநூறு. அந்த இருநூறில் இன்று நம் நினைவில் இருப்பவை எத்தனை? முப்பது, நாற்பது இருக்கலாம். மற்றதை மறந்துவிட்டோம். அதாவது பழைய ராஜா என்று நாம் வைத்திருப்பது, நாற்பது வருஷம் சலித்து எடுத்த மணி. புது ராஜா இன்னும் சலிக்காத நெல். பதரும் சேர்ந்துதான் இருக்கும்.

சலித்துக் கீழே விழுந்ததிலும் மணி உண்டு. 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டை 2024-ல் 'லப்பர் பந்து' படத்தில் வைத்தார்கள். பிறந்தே இராத பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். அதே வருஷம் மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 1991-ன் 'குணா' பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. மாப்பிள்ளைக்கு இதில் ஒரு வருத்தம். "இன்னைக்கு தியேட்டர்ல விசில் அடிக்கணும்னா டைரக்டருங்க ராஜா சாரோட பழைய பாட்டைத்தான் வைக்கிறாங்க. அப்புறம் அவர் புதுப் பாட்டு எப்படிங்க மேல வரும்? அவருக்குப் போட்டியே அவர்தான்."

இரண்டாவது காரணம் ஆட்கள். ராஜாவின் பாட்டு என்பது ஒருவர் மட்டும் செய்ததில்லை. நோட்ஸ் ஒவ்வொன்றும் அவர் எழுதியது என்றாலும், அதை வாசித்த கைகள், பாடிய குரல்கள் அதில் இருந்தன. மலேசியா வாசுதேவன், சுவர்ணலதா, வாலி எல்லோரும் போய்விட்டார்கள். 2020-ல் எஸ்.பி.பி.யும் போனார். எஸ். ஜானகி பாடுவதிலிருந்து ஓய்வெடுத்துக்கொண்டார். ஒரு மெட்டைக் கையில் கொடுத்தால் அதில் சிரிப்பும் கிண்டலும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிற எஸ்.பி.பி. இல்லாத இடம், புதுப் பாட்டுகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. இதை ராஜாவின் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்கிறவருக்குக் குறைதான்.

மூன்றாவதாக, படத்தில் பாட்டுக்கு இருந்த இடம். பாரதிராஜா, மகேந்திரன், பாலுமகேந்திரா படங்களில் பாட்டு வந்தால் இரண்டு சரணமும் இரண்டு இடையிசையும் முழுசாக ஓடும். முதல் இடையிசை வேறு, இரண்டாவது வேறு. ராஜாவின் வித்தை முழுக்க அந்த இரண்டு இடைவெளிகளில்தான் இருந்தது. இப்போது பல்லவி முடிவதற்குள் வசனம் நுழைந்துவிடுகிறது. ஓட இடம் இல்லாத குதிரையைப் பந்தயத்தில் தோற்றுவிட்டது என்று சொல்கிறோம்.

இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்தில் பாட்டே கிடையாது. ராஜாவின் இசைதான் பல காட்சிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) தனுஷும் அனன்யா பட்டும் பாடிய பாட்டுக்கு மலைப்பாதை அளவுக்கு நீளமும் நிதானமும் கிடைத்தது. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டை எண்பதுகளின் நல்ல கேசட் ஒன்றில் நடுவில் செருகி வைத்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 'சைக்கோ'வில் (2020) சித் ஸ்ரீராம் பாடியதும் அப்படித்தான். ஆனால் 'நீதானே என் பொன்வசந்தம்' (2012) விஷயத்தில் நான் மாமா கட்சி. எட்டுப் பாட்டு, லண்டனில் ஒலிப்பதிவு, பெரிய இசைக்குழு. எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டு பாட்டுகளைத் தவிர மற்றது எனக்குள் தங்கவில்லை. 'மாமனிதன்' (2022) அதைவிடச் சீக்கிரம் மறந்துபோனது.

மாமா-மாப்பிள்ளை இருவரும் கை கோத்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அது அறந்தாங்கிக்கு மட்டுமே உரிய விஷயம்.

இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, குதிரைப் பணத்தைக் கோயில் கட்டச் செலவழித்துவிட்டதாகச் சொல்லப்படும் ஊர். மூலஸ்தானத்தில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். திருவாசகம் இந்தப் பக்கத்து மக்களுக்கு வீட்டுச் சொத்து மாதிரி.

அந்தத் திருவாசகத்தை எடுத்து 2005-ல் ராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு ஆறு பாடல்களாக வெளியிட்டார். நடுவில் ஆங்கில வரிகளும் வரும். திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது ஓதுவார்களின் மரபு. அப்படியே கேட்டுப் பழகிய காதுகளுக்கு முதலில் இடித்தது.

"எனக்கு அப்ப கோபமே வந்துச்சு. நம்ம ஊர்க்காரர் அழுது பாடுனதுக்கு வெள்ளைக்காரன் ஏன் கோரஸ் பாடணும்னு நினைச்சேன்" என்கிறார் மாமா. "எங்கம்மா தவறினப்ப, பதினாறு நாளும் இந்தத் தம்பிதான் அந்த சி.டி.யை வீட்டுல ஓட விட்டான். கடைசி மூணு நாள் நானே போடச் சொன்னேன்."

"அது ஒண்ணும் பழைய பாட்டு இல்லையே மாமா!" என்று மாப்பிள்ளை சிரிக்கிறான். 2005-ல் அவன் ஒன்றாம் வகுப்புகூடச் சேரவில்லை. அவனுக்கு அதுவே பழைய பாட்டுதான். ஆனாலும் மாமாவை மடக்க இதைவிட நல்ல சாட்சி அவனுக்குக் கிடைக்காது. பதினாறு நாள் வீட்டில் ஓடியது, ஒரு காலத்தில் பஸ்ஸில் ஓடியதைப்போலத்தான். வேறு பாட்டுக்கு மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த வழக்கில் பணம், பிழைப்பு சம்பந்தப்பட்ட ஆட்களும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்களில் கச்சேரி செய்கிற இன்னிசைக் குழுவினர். அப்படி ஒரு குழுவில் கீபோர்டு வாசிப்பவரிடம் கேட்டேன். மேடைக்கு வருகிற விருப்பப் பாடல் சீட்டுகளை அவர்தான் பிரித்து அடுக்குவார்.

"ராஜா சார் பாட்டு கேட்டு வர்ற சீட்டுதான் எப்பவும் அதிகம். ஆனா எல்லாம் எழுபத்தாறுலேர்ந்து தொண்ணூத்தஞ்சுக்குள்ளதான் இருக்கும். 'நான் கடவுள்' பாட்டு ஒண்ணு மட்டும் வயசானவங்க கேப்பாங்க. சீட்டு வராத பாட்டை நாங்க பிராக்டீஸ் பண்ண மாட்டோம். நாங்க வாசிக்காததால ஜனங்க காதுல அது விழாது. விழாததால சீட்டு வராது. இப்படியே சுத்திக்கிட்டு இருந்துச்சு."

'விடுதலை' வந்த பிறகுதான் அந்தச் சுற்று லேசாக உடைந்ததாம். சீட்டில் அந்தப் பாட்டின் பெயரை எழுதி அனுப்பியவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்கிறார். குழுவில் புல்லாங்குழலுக்கு ஆள் இல்லாததால் கீபோர்டிலேயே சமாளித்திருக்கிறார். கச்சேரி முடிந்து ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, "தம்பி, அந்தக் குழலைக் குழல்லயே வாசிச்சாத்தான்யா அது ராஜா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு அந்தப் பெரியவரின் பேச்சைக் கேட்டு வெளியூரிலிருந்து ஒரு புல்லாங்குழல்காரரைப் பேசியிருக்கிறார்கள். பஸ் செலவும் சாப்பாடும் தனி. அவரை வைத்து இரண்டு புதுப் பாட்டு, பன்னிரண்டு பழைய பாட்டு என்று பட்டியல் போட்டாகிவிட்டது. மாமாவும் மாப்பிள்ளையும் முன்வரிசையில் இடம் பிடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள், தள்ளித் தள்ளி இரண்டு நாற்காலி!