பெருநகரத் தனிமை: மாத்திரையால் தீராத குறை

தாமதமாக வருபவர்கள்

வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் வயதினர் தூக்கமின்மை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு ஆகிய குறைகளோடு மருத்துவரிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலர் முதல் அறிகுறி தோன்றி மாதக்கணக்கில் பொறுத்திருந்த பின்னரே வருகிறார்கள். அதற்குள் தாமாகவே வாங்கிய தூக்க மாத்திரை பழக்கமாகியிருக்கும். விசாரித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை இரவு மூடிய அறைக்கதவு திங்கட்கிழமை காலையில்தான் திறக்கிறது என்பதும், இடையில் உணவு கொண்டுவந்தவரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னது ஒன்றே அவர்கள் வாய்திறந்து பேசிய பேச்சு என்பதும் தெரியவரும்.

இயல்பு எது, நோய் எது

கார்ல் யுங் என்னும் சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1921-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவலான ‘அகமுகர்’ என்னும் கருத்து, கூட்டத்தில் விரைவில் களைத்து, தனித்திருக்கையில் தெளிவு பெறும் இயல்புடையவரைக் குறிக்கிறது. இது நோயன்று, இதற்குச் சிகிச்சையும் தேவையில்லை. பிறர் தம்மை எடைபோட்டு இகழ்வார்கள் என்ற அச்சத்தால் பேச்சையும் கூட்டத்தையும் அன்றாட வாழ்வு முடங்கும் அளவுக்குத் தவிர்ப்பது ‘சமூகப் பதற்றக் கோளாறு’ எனப்படும். அதற்குப் பயன்தரும் சிகிச்சை உண்டு. உறவை விரும்பியும் அது கிட்டாத நிலையில் எழும் வேதனை ‘தனிமையுணர்வு’ ஆகும். அது அகமுகரையும் பிடிக்கும், ஓயாமல் பேசுபவரையும் பிடிக்கும். உலகில் ஆறு பேரில் ஒருவர் இவ்வுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுதோறும் ஏறக்குறைய 8,71,000 இறப்புகள் இதனோடு தொடர்புடையவை எனவும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் மதிப்பிட்டுள்ளது.

விட்டொழிக்க வேண்டிய நம்பிக்கைகள்

“கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது வீடுகளில் முதலில் சொல்லப்படும் வைத்தியம். நண்பரே இல்லாத ஒருவர் தம் மனச்சுமை முழுவதையும் புதிதாக வந்த துணையின் தோளில் ஏற்றும்போது அந்த உறவும் சேர்ந்து திணறுகிறதே தவிர, தனிமையுணர்வு தானாக விலகிவிடுவதில்லை.

“கூட்டத்தில் தள்ளிவிட்டால் பழகிக்கொள்வான்” என்பது அடுத்தது. அலுவலக விருந்தின் இரைச்சலில் முன்பின் அறியாத நாற்பது பேர் நடுவே நிறுத்தப்பட்ட அகமுகர், அங்கே நட்பைக் கற்பதில்லை. அடுத்த அழைப்பைத் தட்டிக்கழிக்கும் வழியைத்தான் கற்கிறார். அவருக்கு ஏற்றது, அதே சில முகங்களை அதே இடத்தில் மீண்டும் மீண்டும் காணும் ஏற்பாடாகும்.

“பேசத் தெரிந்தவனுக்குத்தான் நண்பர்கள்” என்பதும் உண்மையன்று. முதன்முறை உரையாடிய இருவரில் ஒவ்வொருவரும், மற்றவருக்குத் தம்மை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ அதைவிடக் குறைவாகவே பொதுவாக மதிப்பிடுகிறார் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. “உளறிவிட்டோம், இனி அவர் நம்மிடம் பேசமாட்டார்” என்று இரவெல்லாம் எண்ணி வருந்துபவரின் கணக்கு பெரும்பாலும் தவறான கணக்கே.

“இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று, யாரும் ஒட்டவில்லை” என்ற முடிவே எல்லாவற்றிலும் கேடானது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நல்ல நண்பராவதற்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் சந்திப்பவர்கள் முதற்படியை எட்டவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்பதால், மூன்றாம் வாரத்தில் கைவிடுவது தோல்வியாகாது. தொடங்கியதை முடிக்காமல் விட்டதேயாகும். கல்லூரியில் இந்த மணி நேரம் கேட்காமலே கிடைத்தது. வேலைக்கு வந்த பின் அதைத் திட்டமிட்டுத்தான் ஒதுக்க வேண்டும்.

தாமே மருந்து தேடும் தவறு

தூக்கத்துக்காகவும் படபடப்புக்காகவும் அறைத்தோழரிடமிருந்து அல்பிரசோலம் மாத்திரையை வாங்கி விழுங்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும், விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்துள்ள மருந்து இது. சில வாரங்களிலேயே உடல் இதற்குப் பழகி, கூடுதல் அளவு கேட்கத் தொடங்கும். பழகியவர் திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் மிகுந்து வலிப்பு வரையில் போகக்கூடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே ஒடுங்கிப்போகக்கூடும். கூட்டத்தில் பேசுமுன் கைநடுக்கம் குறைய எவரோ சொன்னார் என்று புரோப்ரனலால் சாப்பிடுபவருக்கு ஆஸ்துமா இருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். “கொஞ்சம் குடித்தால் சகஜமாகப் பேச வரும்” என்பவர்கள், நாளடைவில் குடிக்காமல் எவர் முகத்தையும் பார்க்க இயலாத நிலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இம்மூன்றும் குறையாதிருப்பது பெரிதும் வருந்தத்தக்கது.

பரிசோதனை

மாத்திரையைத் தேடுமுன், இக்குறைகளுக்கும் அவற்றோடு வரும் சோர்வுக்கும் உடற்காரணம் உண்டா என்றறிய தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகிய இரத்தப் பரிசோதனைகள் முதற்படியாக உதவும்.

அகமுகருக்கு உகந்த வழிகள்

முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமின்றி, கண்ணும் கையும் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும் இடங்களே அகமுகருக்கு ஏற்றவை. 1988-இலிருந்து கடலாமைப் பாதுகாப்பில் ஈடுபட்டுவரும் மாணவர் அமைப்பு ஆண்டின் முதல் மாதங்களில் நடத்தும் இரவு நடைப்பயணம் இதற்குத் தக்க சான்று. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி நடப்பவர்கள் ஒரு மணி நேரம் வாய்திறக்காவிட்டாலும் எவரும் குறைசொல்வதில்லை. தடம் தென்பட்டு, மணலைக் கையால் விலக்கி முட்டைகளை எடுத்து எண்ணும்போது அருகிலிருப்பவரிடம் கேட்கத் தோன்றும் ஒரு கேள்வியே உரையாடலுக்குப் போதும். பள்ளிக்கரணையில் பறவை பார்த்தல், கோட்டூர்புரம் நூலகத்தில் நடக்கும் வாசகர் கூட்டம், பூங்காவின் காலை யோகா, இசை வகுப்பு ஆகியவையும் இத்தகையவை. ஒன்றைத் தேர்ந்து, ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஆறு மாதம் விடாமல் செல்வதும், நான்காம் ஐந்தாம் முறையில் ஒருவரை மட்டும் தேநீருக்கு அழைப்பதும் போதுமானவை.

ஒரு வேண்டுகோள்

பெற்றோர் தொலைபேசியில் “சாப்பிட்டாயா” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இந்த வாரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்” என்றும் கேட்க வேண்டும். ஒரே அறையில் இருப்பவர்கள், நாள்தோறும் தனித்து உண்பவரை ஒரு வேளையாவது மெஸ்ஸுக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டாலும், எதிலும் நாட்டமின்றிப் போனாலும், காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் டெலி-மானஸ் சேவை இரவும் பகலும் தமிழில் கிடைக்கிறது. மாத்திரை அட்டையைக் கையில் எடுக்குமுன் அந்த எண்ணை அழையுங்கள். தொடக்கத்திலேயே வருபவருக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.