வரைபடத்திலேயே தொடங்கும் குளிர்ச்சி

வெப்பக் கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றையும் நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: ஏசி இல்லாமல் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியுமா? விடையாக நான் எடுத்துக்காட்டுவது, ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம்.

வழக்கமாகக் கட்டடக் கலைஞர் வரைபடத்தை முடித்த பிறகே அது பொறியாளரிடம் போகும். அதற்குள் கட்டடம் நிற்கும் திசை, சன்னலின் அளவு, சுவரின் கனம் எல்லாம் முடிவாகியிருக்கும். உள்ளே சேரும் வெப்பத்தை வெளியேற்றப் பெரும்பாலும் இயந்திரத்தையே நாட வேண்டியிருக்கும். ஈஸ்ட்கேட்டில் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸும் அரூப் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்தே திட்டமிட்டார்கள்.

ஹராரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பகலில் வெயில் அடித்தாலும் இரவு நன்கு குளிர்ந்துவிடும். இரவில் மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைத் தளங்களின் உள்ளிடைவெளிகள் வழியே செலுத்துகின்றன. கனமான கான்கிரீட் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. பகலில் அதே கான்கிரீட், மனிதர்களும் கருவிகளும் வெளியிடும் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. சூடான காற்று மேலெழுந்து கூரைமேல் உள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. சன்னல்கள் சிறியவை, அவற்றுக்கு நிழலும் உண்டு. பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் தேவைப்படாததால் கட்டுமானச் செலவும் குறைந்தது.

இங்கே ஒரே தளம் பாரத்தைத் தாங்குகிறது, காற்றைக் கொண்டுசெல்கிறது, வெப்பத்தையும் சேமிக்கிறது. தனித்தனியே வேலை செய்தவர்களால் இப்படி ஒரு தளத்தை வரைந்திருக்க முடியாது. கட்டி முடித்த பின் இதைச் சேர்க்கவும் முடியாது.

இக்கட்டடத்துக்குக் கரையான் புற்றே முன்மாதிரி என்பார்கள். புற்றுக்குள் காற்று அவ்வளவு எளிய முறையில் இயங்குவதில்லை எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் இயற்கையைப் பார்த்து எழுந்த கேள்வி பயனற்றுப் போகவில்லை. இதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். அட்டைப்பெட்டியில் ஒரு வீடு செய்யச் சொல்லுங்கள். ஒரு குழுவில் வரைபவர் முடித்த பிறகே 'பொறியாளர்' உள்ளே வரட்டும். மற்றொரு குழுவில் இருவரும் முதலிலிருந்தே பேசட்டும். இரண்டு பெட்டிகளையும் வெயிலில் வைத்து, வெப்பநிலைமானியால் அளந்து ஒப்பிடுங்கள்.

பிறகு, நம் ஊரின் பகல், இரவு வெப்பநிலைகளை ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். இரவிலும் புழுக்கம் குறையாத சென்னைக்கு ஹராரேயின் வழி அப்படியே பொருந்தாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். நம் ஊருக்கு எது பொருந்தும் என்ற விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.