கணவர் கொடுத்தாலும் ஏற்காத உடல்

டயாலிசிஸில் இருக்கும் மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் முன்வருகிறார். ரத்த வகையும் பொருந்துகிறது. ஆனாலும் ‘கிராஸ் மேட்ச்’ சோதனையில் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம். கர்ப்ப காலத்தில் குழந்தை வழியாகத் அணுக்களின் மேல் அடையாளமாக இருக்கும் தந்தையின் எச்.எல்.ஏ. புரதங்களைத் தாயின் உடல் சந்திக்கிறது. அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கி வைத்துக்கொள்ளவும் கூடும். தந்தையின் புரதங்களைச் சுமக்கும் பிள்ளைகளின் சிறுநீரகமும் இதே காரணத்தால் ஒவ்வாமல் போகக்கூடும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், முன்பு பொருத்திய சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு பெறுபவரின் சீரத்தைக் கலந்து, அணுக்கள் மடிகின்றனவா என்று பார்ப்பதே பழைய கிராஸ் மேட்ச். பட்டேலும் டெரசாகியும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சோதனை ‘பாசிட்டிவ்’ ஆன 30 பேரில் 24 பேருக்குப் பொருத்திய உறுப்பு உடனே செயலிழந்தது. ‘நெகட்டிவ்’ ஆன 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. எந்தப் புரதத்துக்கு எதிராக எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்பதை இன்று லூமினெக்ஸ் சோதனை தனித்தனியாகக் காட்டுகிறது.

ஆன்டிபாடி அளவு மிதமாக இருந்தால் குறைத்துப் பார்க்கலாம். பிளாஸ்மாபெரிசிஸ் மூலம் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, ஈடாக ஆல்புமின் செலுத்துவார்கள், பின்பு இம்யூனோகுளோபுலின். ஆன்டிபாடிகள் மீண்டும் ஊறும் என்பதால் ஒருமுறை செய்வது போதாது. சிலருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும் தேவைப்படும். அதற்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பதுங்கியிருக்கும் வைரஸ் எதிர்ப்பாற்றல் குறைந்ததும் தலைதூக்கும். காசநோயையும் மறக்கக் கூடாது. இத்தனைக்கும் பிறகு நிராகரிப்பு அபாயம் முழுமையாக நீங்குவதில்லை, செலவும் கனமானது.

ஆகவே, பொருத்தமான வேறு கொடையாளரை முதலில் தேடுவதே புத்திசாலித்தனம். நோயாளியின் உடன்பிறந்தவரோ தாயோ பொருந்தலாம். இல்லையெனில், இதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளலாம். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் நெருங்கிய உறவினர்களுக்கிடையே இதை அனுமதிக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து நோயாளி மாற்று அறுவைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போக நேர்ந்தாலும், அதற்கான ஆயத்தம் உள்ளூர் டயாலிசிஸ் படுக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. ஹீமோகுளோபின் குறைந்தவுடன் ‘ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடலாம்’ என்பதைவிட, இரும்புச்சத்து ஊசியும் எரித்ரோபாய்ட்டினும் முறையாகப் போடுவது மேல். ரத்தம் தவிர்க்க முடியாதபோது வெள்ளணு நீக்கியதைக் கேட்கலாம். அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. ஏற்றிய தேதியை மாற்று அறுவை செய்யவிருக்கும் மருத்துவமனைக்குத் தெரிவித்து, சில வாரங்களில் ஆன்டிபாடி சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.