துவரை வரும் திசையில் ஒரு செமஸ்டர்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். அங்குள்ள பால்வண்ணநாதர் கோயிலில் வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் கிடைக்கும் என்று நம்பி உ.வே.சாமிநாதையர் தேடிவந்த கதையை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளைச் சாத்திரம் சொன்னபடி நெருப்பில் போட்டாயிற்று என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த செய்தி. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் கரிவலம் நெருப்புக்கு உரிய தலம். விதிக்கும் சில சமயம் குறும்பு உண்டு போலும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஊர்க்காரர்களின் அறியாமையை நொந்துகொண்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. தினமும் அந்த ஏடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்கு அவை ஏடாகவே தெரியவில்லை. அவற்றை ஏடு என்று கண்டுகொள்ள, கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்த ஒருவர் ரயிலும் மாட்டுவண்டியும் பிடித்து வர வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஒரு கண் உண்டு. ஆனால் அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தால்தான் அந்தக் கண்ணுக்குப் பார்வை உண்டு.

கல்லூரிப் படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரை வேறொரு நாட்டில் கழித்துவிட்டு வரும் ஏற்பாடு இந்தக் கண்ணை நம்பி உருவானதுதான். ஐரோப்பிய நாடுகள் 1987-ல் ‘எராஸ்மஸ்’ என்ற பெயரில் அதைத் தொடங்கியபோது போனவர்கள் 3,244 மாணவர்கள். இன்றுவரை போய்வந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊர்ப்பக்கம் இதைப் பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் சொகுசு என்றே நினைக்கிறோம். ஆனால் அதன் நல்ல வடிவங்களில் ஒன்று மூன்று தலைமுறையாக நம் மதுரையில்தான் நடந்துவருகிறது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு இணைந்த ‘ஷான்சி’ அமைப்பு 1950-களிலிருந்து அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் இளம் பட்டதாரிகளை அனுப்பியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை ஓராண்டு தங்கிப் படிக்க அனுப்பிய இந்திய நகரங்களில் மதுரையும் ஒன்று. ‘சீட்டா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னிந்தியப் பருவப் படிப்பு, அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிகள் பல கூடி நடத்தியது. இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்கக் கழகத்தின் தமிழ் வகுப்புகளும் மதுரையில்தான். பனி பெய்யும் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் சித்திரை வெயிலில் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்கள் இங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஏற்பாட்டின் சூட்சுமம் புரியும். உலகத் தரவரிசையின் முன்வரிசையில் நிற்கும் பல்கலைக்கழகம் எதுவும் மதுரையில் இல்லை. ஆய்வுக்கூடத்தைத் தேடி யாரும் அங்கே வரவில்லை. தமிழ் வகுப்பு, ஒரு குடும்பத்தோடு தங்கல், தானே தேர்ந்துகொண்ட ஒரு பொருளைப் பற்றிய கள ஆய்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் பாடத்திட்டம். வகுப்பில் கற்ற தமிழ் சாயங்காலம் வீட்டு அடுப்படியில் செல்லாது. அங்கே பேசுவது வேறு தமிழ். அந்த இடைவெளியில்தான் படிப்பு நடக்கிறது. கற்பித்தவர்களுக்கும் அது சும்மா போகவில்லை. அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கு.பரமசிவம், ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் சேர்ந்து அவர்களுக்கென்று 1980-ல் ஒரு பாடநூல் செய்தார். ‘இக்காலத் தமிழ் மரபு’ எழுதியவரும் அவரே. நாம் யோசிக்காமல் பேசுகிற ஒரு வாக்கியத்தை ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருவன் கேட்கும்போதுதான் அதற்கு ஓர் இலக்கணம் இருப்பதே நமக்கு உறைக்கிறது.

இப்படியும் வேறு வழிகளிலும் தமிழகம் வந்தவர்கள் எழுதியவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையின் நிலமும் நீரும் வரியும் பற்றி டேவிட் லட்டன் 1985-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதே மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சாமிகளையும் சாதிச் சண்டையையும் பற்றி டயேன் மைன்ஸ் 2005-ல் எழுதினார். நம் குளத்து மடையையும் கோயில் கொடையையும் பற்றி அவர்களுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறது. சரி, விஸ்கான்சினின் பால்பண்ணைகளைப் பற்றியோ அயோவாவின் சோளக்காட்டைப் பற்றியோ திருநெல்வேலிக்காரர் எழுதிய நூல் எங்கே? நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள். நாம் யாரையும் பார்ப்பதில்லை. அறிவுலகில் பார்க்கப்படுகிறவனாகவே இருப்பது ஒரு வகை வறுமை. அதற்கு மருந்தாக நம் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே, எப்படி அனுப்புவது என்பதில்தான் வழக்கத்தோடு நான் மாறுபடுகிறேன்.

தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2024-ல் பொறியியல் மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் அரசுச் செலவில் விமானம் ஏறுவது சின்ன விஷயமல்ல. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு வாரத்தில் கட்டடங்களைப் பார்க்கலாம், மனிதர்களைப் பார்க்க முடியாது. அது கல்விச் சுற்றுலா, படிப்பு வேறு. அந்தப் பயணமும் வழக்கம்போல குளிர்நாட்டுக்குத்தான். விதிகளே நம்மை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ‘ட்வின்னிங்’ எனப்படும் இணைப்புப் படிப்பில் 30 சதவீதம் வரை மதிப்பெண் அலகுகளை வெளிநாட்டில் ஈட்ட இடம் தருகிறது. ஆறு செமஸ்டர் பட்டத்தில் ஒரு செமஸ்டர் என்பது ஆறில் ஒரு பங்கு. தாராளமாக அதற்குள் அடங்கும். ஆனால் குழுவின் தனி அனுமதியில்லாமல் கைகோக்க வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஆயிரத்தில் யார் நிறைந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இதே அளவுகோலை அமெரிக்கர்கள் பிடித்திருந்தால் மதுரைக்கு ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்.

நான் சொல்லும் இடம் தான்சானியா. கடல் தாண்டிய தூரம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து வெயில். சிரிப்பு வந்தால் சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பாருங்கள். நம் சாம்பாரில் வேகிற துவரம்பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாடுகளின் காடுகளிலிருந்து வருகிறது. 2016-ல் இந்தியா மொசாம்பிக்கோடு செய்த ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் என்று தொடங்கி 2020-21-க்குள் இரண்டு லட்சம் டன் வரை பருப்பு வாங்குவதாகச் சொன்னது. மறு ஆண்டே உள்நாட்டில் விளைச்சல் பெருகியதும் துவரை இறக்குமதிக்கு டெல்லி உச்சவரம்பு போட்டது. ஒப்பந்தம் இல்லாத தான்சானியாவில் விவசாயி கையில் விலை சரிந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் முந்திரிக்கொட்டையும் ஆப்பிரிக்கச் சரக்குதான். சங்கரன்கோவில், கோவில்பட்டி மானாவாரிக் காட்டு உளுந்துக்கும் இந்த விதி உண்டு. அதற்குப் போட்டி மியான்மர் உளுந்து. பருவம் பொய்த்தால் மட்டும் விலை மாறுவதில்லை. வேறொரு நாட்டில் பருவம் பொய்க்காவிட்டாலும் மாறும். கரிவலத்து விவசாயி மகன் வேளாண்மையோ வணிகவியலோ படிக்கிறான் என்றால் இந்தச் சங்கிலியின் மறுமுனையை அவன் பார்க்க வேண்டாமா?

தான்சானியாவின் மொரோகோரோ என்ற ஊரில் 1984-ல் தொடங்கிய சொகோய்னே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில், தெரு சுவாஹிலியில். துவரைக்கு அந்த மொழியில் ‘ம்பாஸி’ என்று பெயர். கடற்கரை ஊர்களில் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் காலைப் பலகாரமாகவே சாப்பிடுகிறார்கள். பருப்பை உடைத்துச் சாம்பார் வைக்கிறவனுக்கு, முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் பார்க்கும்போதே ஒரு பாடம் தொடங்கிவிடும். ம்ட்வாரா பகுதியில் விவசாயிகள் முந்திரியைக் கிடங்கில் சேர்த்து ரசீது பெற்று, பிறகு ஏலத்தில் விற்கும் முறை 2007 முதல் நடக்கிறது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பொருளீட்டுக் கடனோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செமஸ்டர் போதும். ஒரு நல்ல கள ஆய்வு எழுதிவிடலாம். வெப்ப நாடு என்று நான் அழுத்திச் சொல்வதன் காரணம் இதுதான். டர்ஹாமில் நம் மாணவனால் வியக்கத்தான் முடியும். மழையை நம்பிய காடும் பருத்தியும் சந்தையும் உள்ள ஊரில் அவனால் ஒப்பிட முடியும். ஒப்பிடத் தெரிந்தவன் தன் அப்பாவின் கணக்கு நோட்டையே வேறு கண்ணால் படிப்பான்.

இதையெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, முதல் தலைமுறை மாணவனுக்கு நாலு மாதம் என்பது குடும்பத்தின் நாலு மாதம். லண்டன் என்ற பெயர் தற்குறிப்பில் இருந்தால் நேர்காணலில் ஒரு புருவம் உயரும், உண்மைதான். ஆனால் அந்தப் பெயரோடு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுவாஹிலி பேசத் தெரிந்த, ம்ட்வாரா ஏலத்தை நேரில் பார்த்த வணிகவியல் பட்டதாரிகளாகத் தூத்துக்குடி முந்திரி வணிகத்தில் எத்தனை பேரைக் காட்ட முடியும்? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் துறையில் சுவாஹிலி கற்பிக்கிறார்கள். ஆப்பிரிக்கச் சரக்கு வந்து இறங்கும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் வகுப்பு தொடங்கினால் என்ன? சென்னை ஐ.ஐ.டி. 2023-லேயே சான்சிபாரில் வளாகம் திறந்துவிட்டது. நம் நாட்டு ஐ.ஐ.டி. ஒன்றின் முதல் வெளிநாட்டு வளாகம் போனது இங்கிலாந்துக்கு அல்ல, தான்சானியாவுக்கு. ஐ.ஐ.டி.க்குத் தெரிந்த திசை கலைக் கல்லூரிக்கும் தெரியலாம்.

செலவைப் பற்றிய கவலைக்குப் பரிமாற்ற முறையில் பாதி விடை உண்டு. இங்கிருந்து ஒருவர் போக, அங்கிருந்து ஒருவர் வர, அவரவர் கட்டணத்தை அவரவர் கல்லூரியிலேயே கட்டுவார்கள். கல்விக் கட்டணம் என்ற பெரிய பூதம் அதோடு போய்விடும். மீதி விமானச் சீட்டும் சாப்பாடும். அதை அரசு கொடுத்தாக வேண்டும், வேறு வழி சொல்லி நான் ஏமாற்ற விரும்பவில்லை. ஒரு வாரத்துக்கு 25 பேரை அனுப்புவதைவிட ஒரு செமஸ்டருக்குச் சிலரை அனுப்புவது மேல் என்பது என் கட்சி. பெண்பிள்ளையை ஆப்பிரிக்காவுக்கா என்று பதறும் பெற்றோரிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை. மதுரையைக் காட்டலாம். அமெரிக்கப் பெற்றோருக்கும் இந்தியா ஒரு பயந்தான். அவர்கள் மகள்களை நம் அம்மாக்கள் ‘இருட்டுமுன்ன வந்துரணும்’ என்ற கண்டிப்போடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். விடுதியைவிடக் குடும்பம் நல்ல காவல்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நம் வறுமையைப் படம் பிடித்துப் போனார்கள். நம் பிள்ளைகள் ஆப்பிரிக்காவில் அதையே செய்ய மாட்டார்களா? செய்வார்கள். நம்முடைய நிறவெறி ஊரறிந்தது. 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை அடித்தது நம் நாட்டுக் கூட்டம்தான். சிவப்பு நிறத்துக்குக் களிம்பு பூசும் சமூகம் ஒரு செமஸ்டரில் திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திமிருக்கு எதிராக நான் அறிந்த ஒரே கருவி மொழிதான். சந்தைக்கு வழி கேட்கத் தெரியாமல் விழிக்கிறவன், பத்து வயசுப் பையன் தன் உச்சரிப்பைத் திருத்த நிற்கிறவன், அந்த நேரத்திலாவது கர்வப்பட முடியாது. நாவலாசிரியர் ப.சிங்காரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பவில்லை. 1938-ல் பதினெட்டு வயதில் பிழைக்கப் போன இந்தோனேசியாவின் மேடான் நகரத் தெருக்கள்தான் அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் உயிரோடு இருக்கின்றன. அவர் அங்கே சில ஆண்டுகள் இருந்தார். நாலு மாதத்தில் அவ்வளவு வராது. அதனால்தான் போகுமுன் இங்கேயே ஒரு செமஸ்டர் மொழி வகுப்பு என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மொழி படிக்காமல் போகிறவரைவிடப் போகாமல் இருப்பவர் மேல், அவர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

உள்நாட்டையே பார்க்காதவனுக்கு வெளிநாடு எதற்கு என்பாரும் உண்டு. விதர்பாவின் பருத்திக்காட்டுக்கும் அனுப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? உண்மையான முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் ஒருவர் வருவார். மொரோகோரோவிலிருந்து வரும் மாணவி சங்கரன்கோவில் பூச்சந்தையைப் பற்றியோ விசைத்தறிகளைப் பற்றியோ எழுத விரும்பினால் அவள் தங்க ஒரு குடும்பம் வேண்டும். மதுரை வீடுகள் வெள்ளைத்தோலுக்குக் கதவு திறந்தன. கறுத்த பெண்ணுக்கும் திறக்குமா என்பது முதல் கேள்வி. எந்தத் தெருவில் தங்கவைப்பது, எந்தத் தெருப் பிள்ளைகளோடு அவள் பழகலாம் என்று ஊர் ரகசியமாகப் போடும் கணக்கு அடுத்தது. நாம் பேசாமல் தாண்டிப் போகிறவற்றை அவள் அரைகுறைத் தமிழில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். திட்டம் தீட்டுகிறவர்கள் விமானச் சீட்டை எண்ணுமுன் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.